பானைக்குள் விழுந்த நகம்

என் முதல் வாடிக்கையாளருக்கு உடம்பு கிடையாது. மணிக்கட்டோடு முடிந்துபோன பீங்கான் கை அது. நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் மோதிரமும் வளையலும் மாட்டி வைப்பார்களே, அந்தக் கை. அப்பா சூளையில் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் ஏதோ ஆர்டருக்காக நூற்றுக்கணக்கில் செய்தார்கள். வேகும்போது இந்த ஒன்றுக்குச் சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. கழித்துப்போட்ட குவியலிலிருந்து அப்பா அதைப் பொறுக்கி, சாப்பாட்டுத் தூக்கோடு பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

"இதுல பழகிக்கோ. வலிக்குதுன்னு கத்தாது" என்றார்.

அப்போது நான் புதுச்சேரியில் மூன்று மாதம் படித்துவிட்டு, நகக்கலை நிபுணராக விருத்தாசலத்துக்குத் திரும்பியிருந்தேன். நிபுணர் என்று நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சான்றிதழில் ஆங்கிலத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அப்பா அதை லேமினேஷன் போட்டு, சாமி படங்களின் வரிசையில் கடைசியாக மாட்டினார். பார்க்க வந்த சித்தப்பா நெடுநேரம் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நகம் வெட்டக் கத்துக்க மூணு மாசமாம்மா?" என்று கேட்டார். நகத்தை வெட்டுவதல்ல, வளர்ப்பது என்று விளக்கினேன். பிளாஸ்டிக் நகத்தைப் பசை வைத்து ஒட்டி, பொடியும் திரவமும் குழைத்து மேலே பூசி, காய்ந்ததும் ராவி மழமழப்பாக்கி, பாலிஷ் போட வேண்டும் என்றேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "அது தானாவே வளருமே" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

எங்கள் ஊரில் இந்தத் தொழிலைத் தொடங்க வேண்டும் என்று நினைத்தவளுக்கு எவ்வளவு அறிவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். செவ்வாய், வெள்ளியில் நகத்தில் கத்தி படக் கூடாது. அமாவாசை ஆகாது. விளக்கு வைத்த பிறகு ஆகவே ஆகாது. வீட்டுக்குள் நகம் விழுந்தால் தரித்திரம் என்று வாசலுக்குப் போய் வெட்டுகிற ஜனம். நகத்துக்குச் சிவப்பு வேண்டுமென்றால் மருதாணிச் செடி வேலியோரம் சும்மா நிற்கிறது. போதாததற்கு, அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த நேரம். எந்த சீரியலைப் போட்டாலும் குடும்பத்தைக் கெடுக்கிறவளுக்குத்தான் நீள நகம். பாலில் விஷம் கலக்கும்போது கேமரா அவள் விரலைத்தான் முதலில் காட்டும். எனக்கு இலவச விளம்பரம் என்று எதுவும் கிடைத்திருந்தால் அது இதுதான்.

ஜங்ஷன் ரோட்டில் ஒரு மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருந்த அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டார். ஜன்னலோரம் ஒரு சின்ன மேசையை எனக்கென்று ஒதுக்கினார். "ஆறு மாசம் பாப்போம். ஓடலன்னா புருவம் எடுக்க நூலுக்காரிய அங்க உக்கார வெச்சுருவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்றார். அப்பாவும் அதே கெடுவைத்தான் கொடுத்திருந்தார். ஆறு மாதத்தில் சரிப்படவில்லையென்றால் அவருடைய கம்பெனியிலேயே ஃபினிஷிங் செக்‌ஷனில் நான் சேர வேண்டும். ஈரப் பஞ்சு வைத்து, வேகாத பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளின் ஓரம் துடைக்கிற வேலை. அந்த வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அந்த மேசை வேண்டும். மூன்றடிக்கு இரண்டடி, ஒரு கால் ஆடும், அடியில் அட்டை மடித்து வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் எனக்கே எனக்கென்று இருந்த முதல் இடம் அது.

மேசையின் நடுவில் பீங்கான் கையை நிறுத்தி, ஐந்து விரலுக்கும் ஐந்து நிறத்தில் நகம் ஒட்டினேன். அப்பா பார்லர் வாசல் வரை வந்து, உள்ளே வரக் கூச்சப்பட்டு, கதவிடுக்கு வழியாக அதைப் பார்த்தார். "எத்தினி டிகிரில வெச்ச?" என்று கேட்டார். சூடே கிடையாது, காற்றிலேயே காய்ந்துவிடும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "வேவாத பொருளு எப்பிடிம்மா நிக்கும்?" என்று கவலையோடு கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் நின்றது. பீங்கான் கையில் நான் ஒட்டிய நகம் ஒன்றுகூடப் பெயரவில்லை. பார்லரில் எல்லாரும் இழுத்துப் பார்த்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்தக் கை சோறு பிசையாது, பாத்திரம் தேய்க்காது, மாவு அரைக்காது, துணி துவைக்காது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் கைத்திறமை என்றே நினைத்தேன்.

முதல் ஐந்து மாதம் வந்தவர்களைச் சொல்லி முடித்துவிடலாம். கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து, சுண்டுவிரலுக்கு மட்டும் வைக்கச் சொன்னாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா இரட்டைப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, "இதுங்களுக்குக் கால் நகம் வெட்டி வுடு, எங்கிட்ட காட்ட மாட்டேங்குதுங்க" என்றார். வெட்டிவிட்டேன். நிபுணர் கையில் நகவெட்டி அன்றுதான் ஏறியது. மற்ற நாட்களில் என் மேசைமேல் அக்காவின் டிபன் பாக்ஸும், நூல்கண்டுகளும், புருவம் எடுக்கக் காத்திருப்பவர்களின் கைப்பையும் இருக்கும். பீங்கான் கையின் நடுவிரலில் யாரோ வண்டிச் சாவியை மாட்டிவிட்டுப் போவார்கள்.

ஆறாவது மாதம் கல்யாணப் பெண் வந்தாள். அம்மாவும் பெண்ணுமாகத்தான் வந்தார்கள். வந்ததும் அந்த அம்மா அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். பெண்ணின் கையைப் பிடித்து என் மேசைமேல் வைத்தார். பத்து விரலிலும் நகம் பாதிதான் இருந்தது. கடித்துக் கடித்துத் தின்றிருந்தாள்.

"மாப்பிள்ளையோட அம்மா வேப்பூர்க்காரங்க. ரோட்டு மேல ஓட்டல் வெச்சிருக்காங்க. பொண்ணு பாக்க வந்தப்பவே கைய உத்து உத்துப் பாத்தாங்க. 'பொண்ணுக்கு நகம் கடிக்கிற பழக்கம் இருக்குதா'ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்" என்றார் அந்த அம்மா. "வெச்சதுன்னு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது."

பார்லர் அக்கா எனக்கு முந்திக்கொண்டு, "பொறந்ததிலேருந்து இருக்குற நகம் மாதிரி வெச்சுக் குடுக்கும் எங்க பொண்ணு" என்றார். 'எங்க பொண்ணு' என்று அவர் சொன்னது அதுவே முதல் தடவை. அவர்கள் போன பிறகு, "இது நல்லபடியா முடிஞ்சா மேசை ஒனக்குத்தான். இத்தப் பாத்து இன்னும் நாலு கல்யாணம் வரும்" என்றும் சொன்னார்.

முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை மதியம் நான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் வைத்த மருதாணி நன்றாகப் பற்றியிருந்தது. பெண்ணின் அத்தை ஒருவர், நிறம் ஏறுவதற்காக உள்ளங்கை, விரல், நகக்கண் என்று ஓர் இடம் விடாமல் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். எனக்கே எத்தனையோ முறை தேய்த்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது என்பது புதுச்சேரியில் முதல் நாள் பாடம். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்த இந்த இரண்டும் அன்று என் மண்டைக்குள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. நான் பழகிய பீங்கான் கைக்கு யாரும் மருதாணி வைத்து எண்ணெய் தடவியதில்லை. பளபளவென்று இருந்த விரல்களைப் பார்த்து, அட, நல்ல மினுமினுப்பு என்று சந்தோஷப்பட்டேன். பஞ்சால் ஒரு துடை துடைத்தேன். அத்தை பின்னால் நின்று, "சீக்கிரம்மா, வெளக்கு வெக்கிறதுக்குள்ள முடி" என்று விரட்டிக்கொண்டிருந்தார். பத்து நகத்தையும் ஒட்டி, பூசி, ராவி, அரக்குச் சிவப்பு பாலிஷ் போட்டேன். பெண் கையை விரித்துப் பார்த்துவிட்டு அழுதாள். தனக்கு இப்படி ஒரு கை இருக்கும் என்று நினைத்ததே இல்லை என்றாள்.  இதற்காகத்தான் இதைப் படித்தேன் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்ய பார்லர் அக்கா போனபோது, என்னையும் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். எனக்கு முகங்கள் மறந்துபோகும். விரல்களை மறக்க மாட்டேன். மாப்பிள்ளையின் அம்மாவை அப்படித்தான் கவனித்தேன். நல்ல உயரம், கனத்த குரல், மண்டபத்தையே ஒரு கையால் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே ஒரே கையால்தான். இடது கையின் கட்டைவிரலை உள்ளே மடக்கி, முந்தானையோடு சேர்த்துப் பிடித்திருந்தார். காசு எதையோ முடிந்து பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

தாலி கட்டியாயிற்று. அடுத்து, பானையில் மோதிரம் எடுக்கிற விளையாட்டு. வாய் குறுகிய பானையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மோதிரத்தைப் போட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் கையை விட்டுத் துழாவ வேண்டும். யார் எடுக்கிறார்களோ அவர் ராஜ்யம்தான் வீட்டில் நடக்கும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் கூடாது, பிடித்து இழுக்கக் கூடாது என்று பெண்ணிடம் நூறு முறை சொல்லியிருந்தேன். ஐந்நூறு பேர் முன்னால் தண்ணீருக்குள் கையை விட்டுப் பிடித்து இழுப்பதையே ஒரு சடங்காக வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் மறந்திருந்தேன்.

முதல் தடவை பெண் எடுத்தாள். இரண்டாவது தடவை மாப்பிள்ளை. மூன்றாவதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பானை ஆடியது, தண்ணீர் சிதறியது, சுற்றி நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். "கெடச்சிருச்சு!" என்று மாப்பிள்ளை கையை உயர்த்தி, உள்ளங்கையைத் திறந்து காட்டினார்.

உள்ளங்கையில் அரக்குச் சிவப்பில் ஒரு கட்டைவிரல் நகம் இருந்தது.

ஒருத்தர் ரத்தம் என்றார். இன்னொருத்தர் மஞ்சள் தூளுக்கு ஓடினார். பெண் சட்டென்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தார்.

"ஐயோ, வெள்ளிக்கெழமையும் அதுவுமா! தாலி ஏறி ஒரு மணி நேரம் ஆவல, நகம் பேந்து வுழுந்திருக்குதே! இது எங்க வூட்டுக்கு நல்லதுக்கா?"

 நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில், வாயைத் திறந்தால் தொலைந்தாய் என்று எழுதியிருந்தது. பார்லர் அக்கா என் இடுப்பில் கிள்ளினார். அய்யரைக் கூப்பிட்டுப் பரிகாரம் கேட்டார்கள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். நகம் பெயர்ந்தால் என்ன செய்வது என்று எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கப்போகிறது? அதற்குள் ஒரு பெரியவர், வீட்டுக்கு ஆகாத பெண் என்கிற மாதிரி எதையோ ஆரம்பித்தார். பெண்ணின் தலை குனிந்துகொண்டே போனது. நேற்று அந்தக் கையைப் பார்த்து அழுதவள், இன்று அதே கையால் அழப்போகிறாள். மேசையை நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், மேசையைத்தான் முதலில் நினைத்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஒட்டியவள் நான், எண்ணெயைச் சரியாகத் துடைக்காதவள் நான், திட்டு வாங்குவது அவளா?

"அது நகம் இல்லீங்க. பிளாஸ்டிக்கு" என்றேன்.

கெட்டிமேளக்காரரின் மைக் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. 'பிளாஸ்டிக்கு' என்கிற சொல் மண்டபம், மாடி, சமையல்கட்டு, சாப்பாட்டுக்கூடம், வாசலில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் வாழை இலையைக் கிள்ளிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள்.

"நான்தான் ஒட்டுனேன். கையில எண்ண இருந்துது, சரியா தொடைக்கல. என் தப்புதான். நெசமான நகம் விழுந்தாத்தானே சகுனம்? இது புதுச்சேரில டப்பாவுல விக்கிற சாமானுங்க."

பெண்ணின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லார் கண்ணும் பெண்ணின் கைமேல் இருந்தது. அவள் மெல்ல வெளியே எடுத்தாள். ஒன்பது நீள நகமும், கடித்துத் தின்ற ஒரு கட்டைவிரலும். மாப்பிள்ளை அதைக் குனிந்து பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் அவள் கைக்குப் பக்கத்தில் விரித்து நீட்டினார். பத்து விரலிலும் பாதிப் பாதி நகம். அவள் கடித்ததைவிட மோசம்.

"எங்கம்மா எனக்கு வேப்பெண்ணகூட தடவிப் பாத்துட்டாங்க" என்றார்.

சிரிப்பு பெண் வீட்டுப் பக்கமிருந்து தொடங்கி அந்தப் பக்கத்துக்குப் பரவியது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகன் கையிலிருந்த நகத்தை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அதை முந்தானை நுனியில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். பஞ்சாயத்துக்குச் சாட்சி வைக்கிறார் என்று நினைத்தேன்.

அன்று மதியம் மணமகள் அறையில் உட்கார்ந்து, மீதி ஒன்பது நகங்களையும் அசிட்டோனில் ஊறவைத்துக் கழற்றினேன். தொழிலில் நான் தப்பில்லாமல் செய்து முடித்த முதல் வேலை அதுதான். பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பார்லர் அக்காவும் நானும் ஆட்டோவில் ஊர் வந்து சேர்ந்தோம். இறங்கும்போது, "அடுத்த வாரம் நூலுக்காரி வரா" என்றார். நான் தலையாட்டினேன். ஏன் என்று கேட்க என்னிடம் நியாயம் இல்லை. அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், "திங்கக்கெழம சூப்பர்வைசருகிட்ட சொல்றேன்" என்றார். வேகாத பொருள் என்று அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்களன்று சூப்பர்வைசர் அடுத்த மாதம் முதல் வரச் சொல்லிவிட்டார். புதன்கிழமை நான் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். பாலிஷ் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, பீங்கான் கையைச் செய்தித்தாளில் சுற்றும்போது படியில் கனத்த காலடி கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா. வேப்பூரிலிருந்து பஸ் ஏறி, தனியாக வந்திருந்தார். பார்லர் அக்கா சட்டென்று எழுந்து நின்றார். 

"செவ்வா, வெள்ளி வேணான்னுதான் பொதங்கெழம வந்தேன்" என்றபடி என் எதிரே உட்கார்ந்தார். அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அக்கா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அந்த அரக்குச் சிவப்பு நகத்தை மேசைமேல் வைத்தார். அதற்குப் பக்கத்தில் தன் இடது கையை வைத்து, மடக்கியிருந்த கட்டைவிரலை மெதுவாக நீட்டினார். நகம் பாதிதான் இருந்தது. அதுவும் வரிவரியாக, ஓரத்தில் கருத்து, கோணலாக வளர்ந்திருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி இந்த ஊரு செராமிக்லதான் வேல பாத்தேன். ஃப்யூஸ் கட்ட அழுத்துற பிரஸ்ஸு. ஒரு நாளு வெரல எடுக்கறதுக்குள்ள எறங்கிருச்சு. அப்போலேருந்து இப்பிடியேதான் மொளைக்குது. என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா மடக்கிக்கடின்னாங்க. மடக்குனேன். அப்பிடியே பழகிப்போச்சு. எம்மவனே இத சரியாப் பாத்ததில்ல."

பெண் பார்க்கப் போன வீட்டில் அவர் ஏன் விரல்களை உற்று உற்றுப் பார்த்தார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. அவரை ஐந்து நாளாக மனதுக்குள் நான் திட்டியதையெல்லாம் நினைத்துக் கூசினேன்.

"இது எனக்குப் பொருந்துமா பாரு" என்று சிவப்பு நகத்தைத் தள்ளினார்.

ஒருத்திக்கு வைத்ததை இன்னொருத்திக்கு வைக்கக் கூடாது, வேறு வைக்கிறேன் என்றேன். காயம் ஆறிப் பல வருடம் ஆனதால் வைக்கலாம், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்றும் சொன்னேன். செய்தித்தாளைப் பிரித்து, பெட்டியைத் திறந்தேன். அன்று அந்த விரலை எத்தனை முறை துடைத்தேன் என்று எனக்கே தெரியாது. எண்ணெய்ச் சட்டியோடு வாழ்கிற ஓட்டல்காரர் விரல் அல்லவா. கோணலை ராவி, நகத்தின் நிறத்திலேயே பூசி, மற்ற விரல்களின் அளவுக்குக் குட்டையாக வெட்டினேன். பாலிஷ் வேண்டாம் என்றார். முடிந்தபோது எது வைத்தது என்று எனக்கே உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் விரலை அசைத்துப் பார்த்தார். மேசையைத் தட்டினார். பீங்கான் கையை ஒரு தட்டுத் தட்டினார். பழைய நகத்தை எடுத்து மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு தன் பெரிய குரலை இவ்வளவு சின்னதாக்கிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"யாருகிட்டயும் சொல்லிடாத." சுற்றுமுற்றும் பார்த்தார். "இங்க மைக்கு எதுவும் இல்லியே?"

இல்லை என்று சத்தியம் செய்தேன். அவர் உள்ளறைக் கதவைத் தட்டி, "ரெண்டு வாரம் கழிச்சுப் பொதங்கெழம வருவேன். இந்தப் பொண்ணு இதே எடத்துல இருக்கணும்" என்று அக்காவிடம் சொன்னார். என்ன செய்துகொண்டார் என்று அக்கா கேட்டதற்கு, "காலு வெடிப்பு" என்றார். நூலுக்காரிக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. ஃபினிஷிங் செக்‌ஷனுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லும்படி அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். எத்தனை டிகிரி என்று அவர் கேட்கவில்லை.

கால் வெடிப்புக்கு என்று சொல்லிக்கொண்டு பிறகு நிறையப் பேர் வந்தார்கள். சித்தப்பாவும் வந்தார். எங்கள் ஊரில் இத்தனை பேர் விரலை மடக்கி வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தப் புதன்கிழமைதான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா ரோட்டைக் கடந்து, வேப்பூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, போயிட்டு வரேன் என்று கையை ஆட்டினார். இடது கை. ஐந்து விரலும் விரிந்திருந்தன.